வீட்டு ஏ.சி.யும் உப்புக் காற்றும்

நம் இதழில் வரி, உரிமம், எடையளவு முத்திரை, கடை வாடகை என்று தொழில் விஷயங்களே பெரும்பாலும் இடம்பெறும். இம்முறை ஒரு வீட்டுச் சாமானைப் பற்றி எழுதுகிறேன். எழுதக் காரணம் உண்டு.

பழவேற்காடு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்துக்கும் அதை ஒட்டிய மீனவக் குப்பங்களுக்கும் நான் நெடுங்காலமாக மளிகைச் சரக்கு அனுப்பி வருகிறேன். அங்குள்ள சில்லறைக் கடைக்காரர்களில் பலருக்குக் கடையும் வீடும் ஒன்றுதான். கீழே கடை, மாடியில் குடியிருப்பு. அல்லது முன்கட்டு கடை, பின்கட்டு வீடு. இன்று அந்த வீடுகளில் ஓர் அறைக்காவது ஏ.சி. வந்துவிட்டது. அதில் தவறில்லை. விடியற்காலையிலிருந்து இரவு பத்து மணி வரை கல்லாவில் உட்காருகிறவன் இரவிலாவது நிம்மதியாகத் தூங்க வேண்டாமா? ஆனால் பாக்கி வசூலுக்குப் போகும்போது, "இந்த மாசம் ஏ.சி.க்கு கேஸ் போட்டேன் அண்ணாச்சி, அடுத்த மாசம் சேர்த்துத் தர்றேன்" என்ற பதிலைக் கேட்பது அடிக்கடி நடக்கிறது. போன வருடமும் கேஸ், இந்த வருடமும் கேஸ். பத்து வருடம் உழைக்க வேண்டிய மெஷின் நான்காம் வருடத்தில் காயில் ஓட்டையாகிப் பழைய இரும்புக் கடைக்குப் போவதையும் பார்க்கிறேன்.

இது மெஷினின் குற்றம் அல்ல. உள்நாட்டு ஊர்களுக்கு எழுதப்பட்ட பராமரிப்பு முறையைக் கடற்கரையில் கடைப்பிடிப்பதால் வரும் நஷ்டம். அதுவும் முழுமையாகக் கடைப்பிடிப்பதில்லை. உப்பைக் கழுவாமல் விட்டுவிட்டு, கேஸுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு டன் என்றால் என்ன?

ஏ.சி. வாங்கும்போது ஒரு டன், ஒன்றரை டன் என்கிறார்கள். அது மெஷினின் எடை அல்ல. ஐஸ் கட்டியிலிருந்து வந்த கணக்கு. மீன் வியாபாரம் நடக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். ஓர் அமெரிக்க டன், அதாவது ஏறக்குறைய 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அவ்வளவு சூட்டை அறையிலிருந்து இழுக்கும் மெஷின் ஒரு டன் மெஷின். 50 கிலோ பார் என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 18 பார். ஒன்றரை டன்னுக்கு 27 பார். இரவில் எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஒன்பது பார் ஐஸ் செய்கிற வேலையை அது செய்து முடிக்கிறது.

குளிர்ச்சியைச் சரக்காக விற்ற காலமும் ஒன்று இருந்தது. அமெரிக்க வியாபாரி பிரடெரிக் டியூடர் என்பவர் 1833இல் கல்கத்தாவுக்குக் கப்பலில் ஐஸ் கட்டிகளை அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் எழுந்த ஐஸ் ஹவுஸ், அப்படி வந்த கட்டிகளை இருப்பு வைத்த கிடங்குதான். இன்று அது விவேகானந்தர் இல்லம். நான்கு மாதம் கடலில் உருகியது போக மிஞ்சியதை விற்று லாபம் பார்த்திருக்கிறார் என்றால், சேதாரக் கணக்கு தெரிந்த வியாபாரிதான்!

ஏ.சி. மெஷினோ மனிதனைக் குளிர்விக்கப் பிறந்ததே அல்ல. 1902இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் உப்பி, வண்ணம் இடம் மாறி விழுந்துகொண்டிருந்தது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற பொறியாளர் காற்றின் ஈரத்தை அடக்கும் முறையை வகுத்தார். மழைக்காலத்தில் வெல்லம் கசிந்து, பிஸ்கட் நமுத்துப் போவதைப் பார்க்கும் நமக்கு அந்த அச்சகக்காரரின் கவலை புரியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏ.சி.யின் வேலையில் பாதி ஈரத்தைப் பிழிவது. அழுக்கு, பாசி, வாடை, ஒழுகல் எல்லாம் அந்த ஈரத்தோடு வருகிறவை.

மெஷினின் அமைப்பு சுருக்கமாக இதுதான். அறைக்குள் இருக்கும் காயில் சூட்டை வாங்குகிறது. குழாய்க்குள் ஓடும் கேஸ் அந்தச் சூட்டைச் சுமந்து வெளியே போகிறது. வெளியே இருக்கும் பெட்டியில் கம்ப்ரசர் அதை அழுத்த, வெளிக்காயிலும் விசிறியும் சூட்டைக் காற்றில் விடுகின்றன. கேஸ் திரும்ப உள்ளே வருகிறது. காயில் என்பது செம்புக் குழாயும், அதைச் சுற்றி நெருக்கமாக அடுக்கிய மெல்லிய அலுமினியத் தகடுகளும் சேர்ந்தது. இந்தத் தகடுகளின் சந்து அடைத்தால் சூட்டுக்குப் போக வழியில்லை. மெஷின் மூச்சுத் திணறிக்கொண்டே ஓடும்.

உப்பு மூட்டை வேர்ப்பது போல

நம் கிடங்கில் கல் உப்பு மூட்டை மழைக்காலத்தில் வேர்த்து, கீழே தண்ணீர் கட்டி நிற்பதைப் பார்க்காத மளிகை வியாபாரி கிடையாது. உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும் குணமுள்ளது. அதிலும் கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு சீக்கிரம் கசியும். அந்த மூட்டையை இரும்புத் தராசுத் தட்டின் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததே.

அதே கதைதான் வெளிப் பெட்டியிலும். அலை உடையும்போது தெறிக்கும் நுண்ணிய துளிகளைக் கடற்காற்று சுமந்து வருகிறது. துளியில் நீர் போய் உப்பு மட்டும் அலுமினியத் தகட்டில் படிகிறது. பகலில் அது வெறும் வெள்ளைப் பொடி. இரவில் காற்றில் ஈரம் ஏறியதும் அந்தப் பொடி வேர்த்து உப்பு நீராகிவிடும். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு நீர் இருந்தால் அது ஒரு சின்ன பாட்டரி போல வேலை செய்து அலுமினியத்தை அரிக்கும். தகடு வெள்ளையாகப் பூத்து, தொட்டால் உதிரும். தகடு போனால் சூடு வெளியேறாது. அடுத்து ஸ்குரூ, விசிறி அடைப்பு, தாங்கும் ஸ்டாண்டு ஒவ்வொன்றாகத் துரு ஏறும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர் ஏரி என்றிருக்கும் கோட்டைக்குப்பத்தில் இந்த வேலை வருடம் முழுவதும் ஓயாது நடக்கிறது.

மருந்து எளியது. கழுவுவதுதான். கடலுக்குப் போய் வந்த போட் எஞ்சினை நல்ல தண்ணீரில் அலசி வைக்கும் வழக்கம் மீனவ நண்பர்களிடம் உண்டு. அதே மனிதர் வீட்டு மாடியில் இருக்கும் ஏ.சி. பெட்டியை வருடத்துக்கு ஒரு முறை கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. கடற்கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் வீடு என்றால் மாதம் ஒரு முறையாவது வெளிப் பெட்டியை அலசுங்கள். காற்று பலமாக அடிக்கும் மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை.

அலசும் முறை: முதலில் ரிமோட்டில் அணைத்து, பிறகு அந்த இணைப்புக்கான எம்.சி.பி.யையும் இறக்கிவிட வேண்டும். ரிமோட்டில் அணைத்தால் மட்டும் மின்சாரம் நிற்காது. பத்து நிமிடம் பொறுத்து, தோட்டக் குழாயிலோ பூவாளியிலோ மெதுவாக மேலிருந்து கீழாக நீர் விடுங்கள். விசிறி காற்றை முன்னால் தள்ளுவதால் அழுக்கும் உப்பும் பெட்டியின் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும்தான் படியும். பலர் முன்பக்கத்தை மட்டும் துடைத்துவிட்டுக் கழுவியாயிற்று என்கிறார்கள். வயர் இணைக்கும் மூடியின் மேல் நீர் பாய்ச்ச வேண்டாம். மூடியைத் திறக்கவும் வேண்டாம். மின்சாரம் நின்ற பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே எம்.சி.பி.யை ஏற்றுங்கள்.

வண்டி கழுவும் ஜெட் பம்பைச் சிலர் கிட்டத்தில் பிடித்து அடிக்கிறார்கள். அலுமினியத் தகடு காகிதம் போல மெல்லியது. மடிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் காற்று போகும் சந்து அடைந்துவிடும். அதைவிட மோசம் பாத்ரூம் ஆசிட். உப்புக் கறை போக வேண்டுமென்று ஆசிட் கலந்து ஊற்றிய வீடு ஒன்றை எனக்குத் தெரியும். பளபளப்பாகத்தான் இருந்தது, இரண்டு மாதம். ஆசிட், சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர் மூன்றும் அலுமினியத்துக்கு ஆகாது. மூன்றும் நாமே விற்கிற சரக்குதான், இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டு நீரில் கலந்து தெளித்து, பிறகு நன்றாக அலசினால் போதும். துரு பிடிக்காதிருக்க டீசலோ கிரீஸோ பூசுவதும் வேண்டாம். அது தகட்டில் மணலையும் தூசியையும் பிடித்து ஒட்ட வைக்கும். ஸ்டாண்டுக்கும் போல்ட்டுக்கும் வேண்டுமானால் துரு தடுக்கும் பெயின்ட் அடிக்கலாம்.

நல்ல தண்ணீருக்கு எங்கே போவது?

இங்கேதான் நம் ஊர்ச் சிக்கல். ஏரிக்கரையில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் வெளிப் பெட்டியைக் கழுவினால் உப்பை உப்பால் கழுவிய கதைதான். காய்ந்ததும் முன்னைவிட அதிகம் படிந்திருக்கும். குடிக்கும் தண்ணீரை ஏ.சி.க்கு ஊற்று என்று சொன்னால் வீட்டுப் பெண்கள் நம்மைச் சும்மா விடுவார்களா?

மெஷினே இதற்கு வழி வைத்திருக்கிறது. அறைக்குள் இருக்கும் காயில் காற்றிலிருந்து பிழிந்து எடுக்கும் நீர், சிறு குழாய் வழியாக வெளியே சொட்டுகிறது அல்லவா? அது காற்றிலிருந்த ஆவி குளிர்ந்து வந்த நீர். மழை நீரைப் போல உப்பில்லாதது. நம் கடற்கரைப் புழுக்கத்தில் ஓர் இரவு ஏ.சி. ஓடினால் ஒரு குடம் அளவுக்குச் சேர்வது சாதாரணம். பெரும்பாலான வீடுகளில் அது சுவரோரம் வழிந்து பாசி பிடிக்க விடப்படுகிறது. குழாயின் கீழ் ஒரு பக்கெட் வைத்துப் பிடித்து, மூடி போட்ட டிரம்மில் சேர்த்தால், வெளிப் பெட்டியை அலச வேண்டிய நீர் ஒரு வாரத்தில் கையில் இருக்கும். குழாயின் முனை பக்கெட் நீருக்குள் மூழ்கக் கூடாது. மூழ்கினால் நீர் இறங்காமல் தடைப்பட்டு அறைக்குள் ஒழுகும். டிரம்மைத் திறந்து வைத்தால் கொசு வளரும். இந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. காயிலின் தூசியும் கிருமியும் அதில் கலந்திருக்கும். மழை பெய்யும்போது மாடி நீரைப் பிடித்து வைப்பதும் நல்லதே.

மாவுத் தூசியும் மிளகாய்த் தூளும்

வெளிப் பெட்டிக்கு உப்பு எப்படியோ, உள் பெட்டிக்கு நம் கடைத் தூசி அப்படி. மூட்டை பிரிக்கும்போது எழும் அரிசித் தவிடு, கோதுமை மாவு, மிளகாய்த் தூள், மல்லித் தூள், சாக்குத் தும்பு எல்லாம் மாடிப்படி வழியாக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. கருவாடு விற்கும் கடையானால் அதன் உப்புத் தூளும் வாடையும் சேரும். ஏ.சி. அறைக் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து ஓட்டுவதால் இவ்வளவும் பில்டரில் வந்து சேர்கிறது. சாதாரண வீட்டுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை பில்டர் கழுவச் சொல்கிறார்கள். கடையோடு சேர்ந்த வீட்டுக்கு வாரம் ஒரு முறை என்பதே என் கருத்து. வார விடுமுறை நாளில் கணக்கு முடிக்கும் வேலையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். பத்து நிமிட வேலை.

முன்மூடியைத் தூக்கினால் வலை போன்ற பில்டர் இரண்டும் கையோடு வரும். தட்டித் தூசியை உதிர்த்து, பின்பக்கத்திலிருந்து நீர் விட்டால் அழுக்கு வந்த வழியே போகும். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் நெளிந்துவிடும். வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு மாட்டினால் மாவுத் தூசி பசை போல ஒட்டிக்கொள்ளும். பில்டர் இல்லாமல் மெஷினை ஓட்டவே கூடாது. ஒரே வாரத்தில் காயில் அடைத்துவிடும். பில்டருக்குப் பின்னால் தெரியும் தகடுகளில் தூசி இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மென்மையான பெயின்ட் பிரஷால் தகடு ஓடும் திசையிலேயே மேலிருந்து கீழாகத் தட்டி எடுக்கலாம். குறுக்கே தேய்க்காதீர்கள்.

மாவும் ஈரமும் சேர்ந்தால் புளிக்கும். உள்பெட்டித் தட்டில் கொழகொழவென்று பாசி கட்டி, நீர் இறங்கும் குழாய் அடைத்து, கட்டிலின் மேல் சொட்டுவது அதனால்தான். போட்டவுடன் புளித்த வாடை வருவதும் அதனால்தான். மாதம் ஒரு முறை மெக்கானிக்கையோ விவரம் தெரிந்த பையனையோ கொண்டு அந்தத் தட்டில் ஒரு குவளை நீர் விட்டு, குழாயில் தடையின்றி வெளியேறுகிறதா என்று பாருங்கள். உள்ளே சுழலும் உருளை விசிறியைக் கழற்றிக் கழுவுவது மட்டும் மெக்கானிக் வேலை. வருடம் ஒரு முறை போதும். கடை வீட்டுக்கு இரண்டு முறை.

கேஸை எடை போட்டு வாங்குங்கள்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஏ.சி.யில் இருக்கும் கேஸ் செலவாகும் பொருள் அல்ல. அது பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குழாயில் ஓட்டை இல்லாவிட்டால் மெஷினின் ஆயுள் முழுவதும் முதலில் போட்ட கேஸே போதும். வருடா வருடம் கேஸ் குறைகிறது என்றால் வருடம் முழுவதும் எங்கோ கசிகிறது என்று பொருள். கசியும் எண்ணெய் டின்னில் மேலும் மேலும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கும் கடைக்காரர் யாராவது உண்டா? டின்னை மாற்றுவோம், அல்லது ஈயம் வைப்போம்.

குளிர்ச்சி குறைந்தால் உடனே கேஸ் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. பில்டர் அடைத்தாலும் குளிர்ச்சி குறையும். வெளிக்காயில் உப்பேறினாலும் குறையும். கெப்பாசிட்டர் பலவீனமானாலும் குறையும். காயிலில் ஐஸ் கட்டுவது கேஸ் குறைவினாலும் வரலாம், பில்டர் அழுக்கினாலும் வரலாம். ஆகவே முதலில் உள்ளும் புறமும் கழுவி, ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அதன் பிறகு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பாதி வீடுகளில் கூப்பிட வேண்டியிருக்காது என்பது நான் கண்ட அனுபவம்.

உண்மையிலேயே கேஸ் குறைவு என்றால் எங்கே கசிவு என்று கேளுங்கள். கசியும் இடத்தில் கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் வெளிவந்து பிசுக்காகத் தெரியும். நட் போட்டு இறுக்கிய இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். சின்னக் கசிவானால் நைட்ரஜன் கேஸை அழுத்தி ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரை வைத்துச் சோதிக்க யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எண்ணெயும் அழுத்தமான ஆக்ஸிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். கசிவை அடைத்த பிறகு வேக்கும் பம்ப் போட்டு உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அதன் பிறகே கேஸ்.

எவ்வளவு கேஸ்? வெளிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் கேஸின் பெயரும், எத்தனை கிராம் என்பதும் அச்சிடப்பட்டிருக்கும். வீட்டு ஏ.சி.க்கு அது பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டிய அளவுதான். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குளிர்ச்சி கெடும், கரண்டும் கூடும். ஆகவே கேஸ் சிலிண்டரைத் தராசில் வைத்து, ஏற்றுமுன் எடையும் ஏற்றியபின் எடையும் பார்ப்பதே சரியான முறை. கை வைத்துப் பார்த்து, "போதும் சார், ஜில்லுனு இருக்கு" என்பது முறையாகாது. எண்ணிப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. ஐம்பது கிராம் சீரகத்துக்கு மின்னணுத் தராசு வைத்து, முத்திரை போட்டு, அதிகாரி வந்து சோதிக்கும் தொழில் நம்முடையது. நாம்தான் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும் கேஸை எடையே போடாமல் வாங்குகிறோம். தராசு அவரிடம் இல்லையென்றால் நம் கடையில் இருக்கிறது, மாடிக்கு எடுத்துப் போங்கள்.

கேஸின் பெயரையும் கவனியுங்கள். பழைய மெஷின்களில் ஆர்-22. அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி படிப்படியாகக் குறைக்கப்பட்டு, இந்தியாவில் புதிய மெஷின் தயாரிப்பில் 2024 முடிவோடு நிறுத்தப்பட்டது. இப்போது வருகிறவற்றில் அதிகம் ஆர்-32. சில மெஷின்களில் ஆர்-290. ஆர்-32 மெதுவாகத் தீப்பற்றக் கூடியது. ஆர்-290 என்பது புரோபேன், அடுப்புக் கேஸின் உடன்பிறப்பு. ஒன்றுக்காக உள்ள மெஷினில் மற்றதை ஏற்றுவது கலப்படம் மட்டுமல்ல, ஆபத்தும் கூட. கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயைப் பற்றவைக்கவும் கூடாது. பயிற்சி பெற்ற மெக்கானிக்குக்கு நூறு இருநூறு கூடக் கொடுப்பதில் நஷ்டமில்லை. பில் கேட்டு வாங்குங்கள். அதில் எந்தக் கேஸ், எத்தனை கிராம், கசிவு எங்கே அடைக்கப்பட்டது என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிறவர் வேலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

மின்கட்டணக் கணக்கு

ஒன்றரை டன் மெஷின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் ஒன்றரை யூனிட் இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு 12 யூனிட். சுத்தமாக இருந்தால் அறை குளிர்ந்ததும் வேகம் குறைந்து, இரவுக்கு ஏழெட்டு யூனிட்டில் முடியும். அழுக்கேறிய மெஷின் ஓயாமல் ஓடும். வித்தியாசம் மூன்று யூனிட் என்று குறைத்தே போட்டாலும் இரு மாதக் கணக்கில் 180 யூனிட். நம் மாநில வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவது. அதிலும் இரு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் மேல்படிக்கு மட்டுமல்ல, கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் வேறு விலை வந்துவிடுகிறது. 480இல் நிற்க வேண்டிய வீடு 660க்குப் போனால் கூடுவது 180 யூனிட்டின் விலை மட்டும் அல்ல என்பதை அட்டையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு உள்ள அறை ஏ.சி.கள் போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது விதி. அதை 18க்கு இறக்குவதால் அறை விரைவாகக் குளிராது. அதிக நேரம் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 26இல் வைத்து மேல்விசிறியையும் போட்டுக்கொண்டால் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுவே போதுமானது.

எங்கே மாட்டுவது, எதை வாங்குவது

கோட்டைக்குப்பத்தின் பெயரிலேயே கோட்டை இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டித் துணி வியாபாரம் நடத்திய கரை இது. அவர்கள் கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டினார்கள். நாம் இரும்பு ஸ்டாண்டில் பெட்டியைத் தொங்கவிடுகிறோம். கடலை நேராகப் பார்க்கும் கிழக்குச் சுவரில் மாட்டினால் பகல் முழுதும் கடற்காற்று நேரே வந்து மோதும். முடிந்தவரை வீட்டின் மறைவான பக்கத்தில், வடக்குச் சுவரிலோ மேற்கில் நிழல் விழும் இடத்திலோ மாட்டச் சொல்லுங்கள். சுற்றிலும் காற்றோட்ட இடைவெளி இருக்க வேண்டும். சுவரோடு ஒட்டி மாட்டி, அதைச் சுற்றி அட்டைப் பெட்டிகளை அடுக்கும் வழக்கம் நம் கடைக்காரர்களுக்கு உண்டு. வெளியேறும் சூடு திரும்ப உள்ளேயே போகும்.

2016 டிசம்பர் 12 வர்தா புயல் அடித்த அடியை இந்தக் கரை மறக்காது. ஐப்பசி பிறக்குமுன் ஸ்டாண்டின் போல்ட்டுகளைச் சோதித்து, துருவேறியதை மாற்றிவிடுங்கள். வெள்ளம் ஏறும் இடத்தில் பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். நீரில் மூழ்கிய பெட்டியைச் சோதிக்காமல் போடவும் கூடாது. உவர் மண்ணில் எர்த் கம்பி சீக்கிரம் அரித்துப் போகும் என்பதால் வருடம் ஒரு முறை எலக்ட்ரீஷியனைக் கொண்டு எர்த்தையும் பார்த்துக்கொள்வது அவசியம். வெளிப் பெட்டிக்குள் பல்லி, எறும்பு புகுந்து போர்டு எரிந்துபோவது இங்கே சர்வசாதாரணம். வயர் நுழையும் ஓட்டையை அடைத்தால் பெரும்பாலும் தப்பலாம். மழைக்கால ஓய்வில் பெட்டியைப் பிளாஸ்டிக் தாளில் முழுதும் சுற்றிக் கட்டாதீர்கள். உள்ளே ஈரம் தங்கி, துரு இரட்டிப்பாகும். மேலே மட்டும் மூடினால் போதும்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. கதவு ஜன்னல் அடைத்த அந்த அறையில் நெருப்புக் கங்கு போட்ட சாம்பிராணித் தட்டை வைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. கரிப் புகையின் விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கொசுவர்த்திச் சுருளும் மூடிய அறைக்கு ஆகாது. கொசுவலை நல்லது, அதை நாமே விற்கிறோம்.

புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு காயிலும் செம்புக் குழாய்தானா, வெளிக்காயிலுக்குத் துரு தடுக்கும் பூச்சு உண்டா என்று கேளுங்கள். நீல நிறத்திலோ பொன் நிறத்திலோ தெரிவது அந்தப் பூச்சு. அது அரிப்பைத் தாமதப்படுத்தும், அடியோடு நிறுத்தாது. ஆகவே பூச்சு இருந்தாலும் அலசத்தான் வேண்டும். கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி என்று பெரிய எழுத்தில் இருக்கும். கடற்கரை உப்பரிப்புக்கும் காயிலுக்கும் கேஸுக்கும் என்ன சொல்லியிருக்கிறது என்பது சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்த பிறகு பணம் கொடுங்கள். ஏ.சி. மீதான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது நம் கடமை. வீட்டு அறைக்கு வாங்கிய ஏ.சி.யைக் கடைப் பெயரில் பில் போட்டு உள்ளீட்டு வரி எடுக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்குச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. கடைக்குள் மாட்டும் மெஷினுக்கு, கலவை வரித் திட்டத்தில் இல்லாத பதிவு பெற்ற வணிகர்கள் எடுக்கலாம். அப்போது கடையின் மின் இணைப்பிலிருந்துதான் அது ஓட வேண்டும், மாடி வீட்டு மீட்டரிலிருந்து வயர் இறக்கக் கூடாது.